கொழும்புக்கு எப்போது பெருக்கலாம்?

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. போனவர் எப்போது சேருவார் என்பதுதான் சிக்கல். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அதைத் தீர்த்துவைப்பவள் வேதவதி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். யார் வந்து கேட்டாலும், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரத்தையும் கூட்டித்தான் சொல்வாள். தன் கணக்கு தப்பியதே இல்லை என்பாள். தப்பியதா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பதையும் பிற்காலத்தில் அவளேதான் சொன்னாள்.

1939இல், கொழும்புக் கம்பெனியில் கணக்கெழுதிய, லீவில் ஊர் வந்திருந்த தம்பி தேசிகனை முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். விமானத்தில் பயணம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் ராஜகோபாலனிடம் தேசப்படம் இரவல் வாங்கி, திருச்சிக்கும் கொழும்புக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தாள். முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு நூறு மைல் போகும் என்றான் தம்பி. ஆக மூன்று மணி நேரம். இறங்கிக் கால் அலம்ப இன்னும் அரைமணி.

ஒன்பது மணி விமானத்துக்குத் தம்பி குதிரைவண்டியில் போனான். பன்னிரண்டரை ஆனதும் வேதவதி வீட்டைப் பெருக்கி முடித்து, துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு சத்யபாமாவிடம், "எங்க தேசிகன் இந்நேரம் கொழும்புல இலை முன்னால உட்கார்ந்திருப்பான்" என்றாள்.

அதே குதிரைவண்டி வந்து நின்றது. தேசிகன் பெட்டியோடு இறங்கினான். கொழும்பில் பேய்மழையாம், விமானம் கிளம்பவில்லை, நாளைக்குத்தானாம்.

"அக்கா, சாதம் இருக்கா?"

"ஏண்டாப்பா, கொழும்புல இலை போடலையா?" என்றாள் சத்யபாமா.

கால் அலம்புவதுவரை கூட்டிய வேதவதி, விமானம் கிளம்ப வேண்டும் என்பதைக் கூட்டவில்லை. வீதி சிரித்ததில் அவளும் சேர்ந்துகொண்டாள். ஆனால் சாதம் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிளம்பியிருந்தால், அவன் மழைக்குள் கடல்மேல் அலைந்துகொண்டிருக்கும்போதல்லவா பெருக்கியிருப்பாள்?

மறுநாள் அவன் போனதும் துடைப்பத்தைப் பரண்மேல் போட்டாள். மாலையாகியும் எடுக்கவில்லை. கூடத்தில் புளியங்கொட்டையும் தேங்காய் நாரும் கிடந்தன. கணவர் சௌரிராஜன் எறும்பு வரிசையைத் தாண்டித் தாண்டி நடந்தார். சத்யபாமாதான் எட்டிப்பார்த்தாள்.

"உங்க கணக்குப்படி நேத்தே போய்ச் சேர்ந்தவன், இன்னிக்குமா சேரலை?"

"என் நூலை நம்பினது போறும். தந்தியடிக்கச் சொல்லியிருக்கேன், அவனே சொல்லட்டும்."

அடுத்த நாள் காலையில் தந்தி வந்தது. இங்கிலீஷ். ராஜகோபாலன் இரண்டு தரம் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சௌக்கியமா சேர்ந்துட்டானாம். அதுக்கப்புறம் இங்கிலீஷ் எழுத்துலயே 'பெருக்கலாம்'னு ஒண்ணு போட்டிருக்கான். எதை எதால பெருக்கறதுன்னு எனக்கு விளங்கலையே."

அவர் நிமிர்ந்தபோது வேதவதி அங்கே இல்லை. உள்ளே பரணிலிருந்து துடைப்பம் விழும் சத்தம் கேட்டது.