அறுப்பு நேரத்துப் பழனி

நாங்கள் மூன்று பேர் பழனிக்கு நடந்தோம். ஒருவன் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். இன்னொருவன் தொடக்கப் பள்ளி வாத்தியார். மூன்றாவது நான், நிலத்துக்காரர் மகன், கும்பகோணத்தில் பி.ஏ. படித்தவன். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்து வளர்ந்தவர்கள். அந்த நடையில் எனக்குப் பக்தி கொஞ்சமும் இல்லை. அறுப்பு நேரத்தில் குத்தகைக்காரன் ஊரில் இல்லாமல் போகவேண்டும், அவ்வளவுதான். வழியைக் கண்டுபிடித்தவன் நான்.

ஆட்சி மாறியிருந்த காலம். மேடையில் அடுக்குமொழி பேசியவர்கள் மந்திரிகளாகியிருந்தார்கள். நானும் கல்லூரியில் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியவன். உழுகிறவன் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்தபோது பூதலூர் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து அவனுக்குப் படித்துக் காட்டியதே நான்தான். "மனு போடுடா. இனிமே உன்ன எவனும் எறக்கிவிட முடியாது" என்றேன். போட்டான். அப்பாவுக்கு விஷயம் தெரிந்த அன்று பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நீ கட்டிவிட்டத நீயே அவுத்துவிடு" என்றார்.

அவிழ்க்கும் முறை எனக்குத் தெரியும். விசாரணைக்கு அதிகாரி வரும்போது வயல் யார் அனுபவத்தில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். கடைசியாக யார் அறுத்தார்கள் என்று கேட்பார். அவன் ஊரில் இருந்தால் எங்களை அறுக்க விடமாட்டான். உள்ளூர் ஆட்கள் செங்கொடிச் சங்கத்தில் இருந்தார்கள். எங்களுக்காக அரிவாள் எடுக்கமாட்டார்கள். வெளியூர் ஆட்களைப் பிடித்துவர அப்பாவுக்கு நாள் வேண்டும்.

அவனுக்கு ஒரு வேண்டுதல் நின்றுகொண்டிருந்தது. பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. கடைசியாகப் பிறந்த பெண் பிழைத்தால் பழனிக்கு நடந்துவந்து மொட்டை போடுவதாக வேண்டியிருந்தான். பெண் பிழைத்துவிட்டது. தைப்பூசம் வருகிறதே என்று நான் ஆரம்பித்தேன்.

"அறுப்பு வச்சுக்கிட்டு எப்பிட்றா?"

"உன்னோடது பள்ளத்து வயலு. பிந்தி நட்டது. கதிரு இன்னும் பச்சை மாறல. போயிட்டு வந்து அறுத்துக்க. நானும் வர்றேன்."

"நீயா? வாய்க்கா தாண்டவே வண்டி கேக்குற ஆளு" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் வருகிறேன் என்றதால்தான் நம்பினான். வாத்தியார் அவனுக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டான். வாத்தியாருக்கும் என் திட்டம் எதுவும் தெரியாது.

மாலை போட்ட பிறகு ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். காவி வேட்டியும் துளசி மாலையுமாகத் திருச்சி தாண்டினோம். மணப்பாறைப் பக்கம் மண் சிவந்து, நெல்லே கண்ணில் படாமல் போயிற்று. அவன் வழியெல்லாம் நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். "இதுல என்னத்த வெளைவிச்சு இவங்க என்னத்தத் திங்கறாங்க?" என்று பரிதாபப்பட்டான்.

எங்கள் நடை வேகமாக இருந்தது. சீக்கிரம் போனால் சீக்கிரம் திரும்பிவிடுவோம். எனக்கு அது ஆகாது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, கால் சுளுக்கிவிட்டது என்றேன். நன்றாக இருந்த கால்.

"பி.ஏ. சாமிக்கு வாய்க்குத்தான் பலம், காலுக்கு இல்ல" என்றான் வாத்தியார்.

குத்தகைக்காரன் சிரிக்கவில்லை. ஒரு வீட்டில் விளக்கெண்ணெய் கேட்டு வாங்கி, சூடுகாட்டி, என் பாதத்தை மடியில் வைத்து நீவிவிட்டான். என் பையையும் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். நீ முன்னால் போ என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "ஒன்ன நடுரோட்டுல விட்டுட்டுப் போயி எந்த முருகனப் பாக்குறது? மெல்ல வா சாமி" என்றான். மறுநாளும் அப்படியே நொண்டினேன்.

வடமதுரையில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவன் மைத்துனன் பஸ்ஸில் வந்து இறங்கினான். எங்கெங்கோ தேடி அலைந்து வந்திருந்தான்.

"மாமா, வெளியூரு ஆளுங்க லாரில வந்து எறங்கியிருக்காங்க. நம்ம பள்ளத்து வயலுக்குத்தான்னு பேச்சு. அக்கா வரப்புல போயி உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்குது. கெளம்பு."

அவன் இலையை விட்டு எழுந்தான். கை மாலைக்குப் போனது.

"ஏறு சாமி. முருகன் எங்கயும் ஓடிடமாட்டாரு" என்றான் வாத்தியார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "மாலையப் போட்டுட்டுப் பாதி வழில திரும்புனா ஒனக்கு ஒண்ணும் ஆகாது. யாருக்காக வேண்டிக்கிட்டியோ, அதுக்குத்தான் ஆகும். பாத்துக்க."

கை அப்படியே நின்றது. அவன் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"ஒங்கப்பாரு அப்பிடிச் செய்வாரா சாமி? நீயே சொல்லு" என்றான்.

"பச்சைக் கதிர எவனாவது அறுப்பானா? பாதி கருக்காயாப் போயிடும். பக்கத்து வயலுக்கு வந்திருப்பாங்க."

வயலில் நிற்பவனுக்கு இந்த வாதம் போதும். முற்றாத பயிரை ஒருவன் வேண்டுமென்றே வெட்டிப் பதராக்குவான் என்று நினைக்க அவனால் முடியவில்லை. திரும்ப இலையில் உட்கார்ந்தான். ஆனால் சாப்பிடவில்லை.

வாத்தியார் என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் மாலையைக் கழற்றினான். "எனக்கு வேண்டுதலும் இல்ல, புள்ளையும் இல்ல. நான் போயிப் பாக்குறேன்" என்று மைத்துனனோடு பஸ் ஏறினான்.

நாங்கள் இருவரும் மலை ஏறினோம். அவன் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் அப்பிய தலையோடு சன்னதியில் வெகுநேரம் நின்றான். இறங்கும்போது, "ஒன் காலுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்" என்றான்.

ஊர் திரும்பியபோது பள்ளத்து வயலில் தாள்கூட இல்லை. அறுத்த சூட்டோடு உழுதுபோட்டிருந்தார்கள். வாத்தியார் போய்ச் சேர்ந்தபோதே ஏர் ஓடிக்கொண்டிருந்ததாம். வரப்பில் இருந்த அவன் மனைவியைத் தூக்கி எறிந்ததில் அவள் கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தது. எங்கள் களத்தில் வைக்கோல் பச்சையாகக் கிடந்தது. தூற்றியதில் பாதி கருக்காய்தான். நான் சொன்னது அந்த அளவில் பொய்யாகவில்லை.

விசாரணையன்று அப்பாவின் வக்கீல் கேட்கவேண்டிய கேள்வியை நான்தான் எழுந்துபோய் அவர் காதில் சொன்னேன். நான் படித்த படிப்பு முதன்முதலாகப் பயன்பட்ட இடம் அது. வக்கீல் அதிகாரியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "கதிர் நிக்கிற வயல விட்டுட்டு எந்தச் சாகுபடிக்காரனாவது கோயிலுக்கு நடப்பானாங்க? இவன் சாகுபடிக்காரனே இல்ல, அதனாலதான் நடந்தான்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி அவனிடம் கேட்டார்.

"நீயாத்தான் போனியா? யாராச்சும் கூட்டிட்டுப் போனாங்களா?"

வாத்தியார் எழுந்தான். உன்னைக் கேட்கவில்லை, உட்கார் என்றார்கள். குத்தகைக்காரன் என்னைப் பார்த்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காட்ட அவனுக்கு ஒரு விரல் போதும். ஏன் காட்டவில்லை என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை. அன்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

"நானாத்தாங்க போனேன்" என்றான். "போயிருக்கக் கூடாதுங்க."

மனு தள்ளுபடியானது. அவன் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போனான். வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நடவுக்குப் பள்ளத்து வயலில் கூலிக்கு இறங்கிய பெண்களில் அவன் மனைவியும் இருந்தாள். ஒடிந்த கை நேராகக் கூடவில்லை. இடது கையால் நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்ற அப்பா, "கூப்புட்டா வர்றாங்க பாத்தியா" என்றார்.

அவள் காதில் விழும் தூரம்தான். நான் சிரித்தேன்.