காற்றடிக்கும் பக்கம்

2009 நவம்பர் 6. லிண்டர் 14, ஹார்லன் கிரீக் 36. எதிரணி பறித்துக்கொண்ட எறிகள் நான்கு.
2018 ஜூலை 16 முதல் 27 வரை. ஆளுக்கு இருநூறு எறிகளில் கைசேர்ந்தவை: ப்ரைஸ் நீமெயர் 131, கோல்பி வோடிச்கா 102, இசாய் ரோமேரோ 94.
2018 ஆகஸ்ட் 6 முதல் 16 வரை. இருநூறில் கைசேர்ந்தவை: கோல்பி 139, ப்ரைஸ் 108, இசாய் 90.

முதல் வரியில் உள்ள நான்கு எறிகளும் ட்ரென்ட் வோடிச்காவுடையவை. கோல்பி அவனுடைய தம்பி. இருவருக்கும் தகப்பனார் லைல் வோடிச்கா, எங்கள் லிண்டர் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

லைலுக்குப் பிழைப்பு விதைச்சோளம் விற்பது. அணி அவருக்கு மாலை வேலை. மைதானத்துப் புல்லையும் சனிக்கிழமை காலையில் அவரே வெட்டுவார். பயிற்சியின்போது சத்தம் போட மாட்டார். சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டு நிற்பார். நான் கோட்டோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எறிகளைக் குறித்துக்கொள்வேன்.

மூத்தவன் ட்ரென்டை அவர் குவார்ட்டர்பேக்காகப் போட்டபோது ஊர் முணுமுணுத்தது. பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று முடிவெடுப்பவன் அவன்தான். தோற்றால் முதலில் அவன் பெயர்தான் அடிபடும். ஹார்லன் கிரீக் ஊர் அணியிடம் தோற்ற அந்த ஆட்டத்துக்குப் பிறகு டாட்டியின் காப்பிக்கடையில் அதற்கு 'அப்பா ஆட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ட்ரென்ட் படிப்பை முடித்ததும் கிராண்ட் ஐலண்ட் நகரத்துக்குப் போய்விட்டான். எங்கள் மைதானத்துக்கு அதன் பிறகு வரவே இல்லை.

2018 கோடையில் அந்த இடம் மறுபடி காலியானது. மூன்று பேர் இருந்தார்கள். இசாய் வேகமாக ஓடுவான். ஆனால் குள்ளம், முன்னால் நிற்கும் தடியன்களுக்கு மேலே அவனுக்கு எதுவும் தெரியாது. ப்ரைஸ் உயரமானவன், கையில் பட்ட பந்தை விடமாட்டான். கோல்பிக்கு எறியும் வலு அதிகம், பேச்சு குறைவு.

பையன்கள் காலையில் விதைச்சோளத்தில் ஆண்பூ கிள்ளும் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருவார்கள். ஜூலை மாலைகளில் எங்கள் ஊரில் தெற்குக் காற்று ஓயாது. லைல் ப்ரைஸையும் இசாயையும் தெற்கு முனையில் நிறுத்தினார். அவர்கள் காற்றோடு எறிந்தார்கள். தன் மகனை வடக்கு முனையில், காற்றுக்கு எதிராக எறிய நிறுத்தினார். இரண்டு வாரமும் அப்படித்தான். நல்ல பக்கத்தை மற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று அவர் நினைத்தார். அதன் பிறகு அந்த எண்ணிக்கையையே வைத்து முடிவெடுக்கவும் இருந்தார்.

கோல்பி தன் அம்மா மார்சியிடம் ஒருமுறைதான் சொன்னானாம். "அப்பா என்னை ஒழுங்காப் பாக்கலேன்னா கடைசி வருஷத்தை அண்ணன் வீட்ல இருந்து படிச்சுக்கறேன். அங்க ஆடறேன்." மார்சி அதை அப்படியே லைலிடம் சொன்னார். ஒரு மகன் ஏற்கெனவே போய்விட்ட வீடு அது.

ஆகஸ்ட் 6, முதல் முழுப் பயிற்சி. லைல் வழக்கம்போல மகனை வடக்கே போகச் சொன்னார். ப்ரைஸ் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"கோச், நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போறேனே."

"ஏன்டா, இந்தப் பக்கம் புல்லு குத்துதா?"

"இல்ல கோச். நான் காத்துக்கு எதிரா இதுவரைக்கும் ஒரு பந்துகூட எறியல. ஆட்டத்துல பாதி நேரம் அந்தப் பக்கம்தானே நிக்கணும்? ஹார்லன் கிரீக்குக்காரன் முன்னாடி போய் முதல்தடவையா எறிஞ்சு பாக்கச் சொல்றீங்களா?"

இசாய் சிரித்துவிட்டான். "அவன் அம்மாவும் அன்னைக்குப் பாக்க வருவாங்க கோச்."

லைல் வாயிலிருந்த தோலைத் துப்பினார். கொடிக்கம்பத்தைப் பார்த்தார், கொடி வடக்கே நீட்டிக்கொண்டு நின்றது. என் பக்கம் திரும்பி, "தினம் பக்கம் மாத்திப் போடுங்க வால்ட்டர்," என்றார். "பழைய எண்ணிக்கை வேண்டாம். முதல்லேருந்து."

அதன் பலன்தான் மேலே உள்ள கடைசி வரி. ப்ரைஸ் காற்றுக்கு எதிராக எறிந்த பந்துகள் பாதி வழியில் தள்ளாடி விழுந்தன. அவனே பார்த்துச் சிரித்தான். நான்காம் நாளிலிருந்து, தன் முறை இல்லாதபோது கோல்பி எறிவதைப் பிடிக்க ஓடினான். எவ்வளவு தூரம் எறிந்தாலும் பிடித்தான்.

17ஆம் தேதி காலை காப்பிக்கடையில், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எல்டன், லைலின் தட்டிலிருந்து பழக்கூழ் வைத்த கோலாச் பன் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"என்னய்யா லைல், மறுபடியும் அப்பா ஆட்டமா?"

"அதைத் தின்னு முடிச்சுட்டுப் பேசு எல்டன்."

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுய்யா. நாலு பந்தை ஹார்லன் கிரீக்குக்குத் தானம் பண்ணினது யாரு வீட்டுப் பிள்ளை?"

"என் வீட்டுப் பிள்ளைதான். எறியச் சொன்னது நான். அன்னைக்கு எதிர்க்காத்து. ஓடச் சொல்லியிருக்கணும்." லைல் எழுந்து காப்பிக்குக் காசு வைத்தார். "இதை ஒன்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். அவன்கிட்டயும் சொல்லணும்."

கோலாச்சை மட்டும் எல்டன் திருப்பி வைக்கவில்லை.

எங்கள் அணியில் யாருக்கு எந்த இடம் என்பதைப் பயிற்சியாளர் நேரில் சொல்வதில்லை. முதல் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் தபாலில் கடிதம் போகும். தோற்ற பையன் முகத்தை நண்பர்கள் முன்னால் காட்டவேண்டாம் என்பதற்காக லைலுக்கு முன்பிருந்தவர் தொடங்கிய வழக்கம். அந்தச் சனிக்கிழமை லைல் எல்லாக் கடிதங்களையும் தபால் நிலையத்தில் போட்டார், தன் வீட்டு முகவரி எழுதிய உறையையும் சேர்த்து.

"ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறீங்க," என்றார் மார்சி. "வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீமெயர் வீட்ல தபால்காரர்தானே சொல்லப் போறாரு. இங்கயும் அவரே சொல்லட்டும்."

திங்கட்கிழமை ஊருக்குள் கடிதங்கள் வந்தன. ப்ரைஸுக்குப் பந்து பிடிப்பவன் இடம். இசாய்க்கு ஓடுபவன் இடம். மதியத்துக்குள் மிச்சமிருந்த குவார்ட்டர்பேக் இடம் யாருக்கு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ப்ரைஸ் தொலைபேசியில் கோல்பியைக் கூப்பிட்டு, "உசரமா எறிடா, தரைக்கு எறிஞ்சா குனிய மாட்டேன்," என்றானாம். அன்று இரவு உணவின்போது தகப்பனும் மகனும் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள் என்று மார்சி சொன்னார். கிராண்ட் ஐலண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. லைல் மட்டும் சாப்பிட்டபின் வெளியே போய் ட்ரென்டோடு நெடுநேரம் தொலைபேசியில் பேசினார்.

வோடிச்காக்களின் பண்ணை பக்கத்து ஊர்த் தபால் வழியில் இருக்கிறது. அங்கே எதுவும் ஒரு நாள் தாமதமாகத்தான் போகும். கோல்பி வண்டிப்பாதை முனையிலேயே, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தான். அவனுடைய கடிதம் வந்தது 2018 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை.