ஒராளுக்கு ஒரு ரவுட்டர்

நான் இத்தா இருந்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ரவுட்டர் வாங்கினோம். கணவர் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கணவரை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் இருக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாவம் பாவம் என்றார்கள். என்னை வெளியே போகச் சொல்லியிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

உள்ளறையில் போன் சிக்னல் இல்லை என்றே சொல்லலாம். கட்டாரில் வேலை செய்யும் மகள் எடுத்தால் குரல் மட்டும் துண்டுதுண்டாக வரும். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கே வர முடியாத பிள்ளை. ஒருநாள் கத்திவிட்டாள்.

"உம்மா, உங்கட மொகத்த நான் பாக்கணும். இல்லாட்டி வேலய உட்டுட்டு வந்துருவேன்."

அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. பாதியில் வந்தால் திரும்பிப் போக முடியாது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆகவே என் தம்பி டவுனுக்குப் போய், கடையில் நின்றபடி எனக்குப் போன் எடுத்தான். எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"தாத்தா, சிம் போடுற ரவுட்டர் மூணு இரிக்கி. ஒண்டுக்கு நாலு அன்டனா, ஒண்டுக்கு ரெண்டு, மத்ததுக்கு ஒண்டுமே இல்ல. எது எடுக்க?"

"வெல கொறஞ்சத எடு."

"சும்மா சொல்லாதீங்க. வீட்டுல எத்தன பேர் பாவிக்கிறீங்கன்டு கடக்காரர் கேக்குறார்."

"மூணு" என்றேன். பழக்கதோஷம். பிறகு நானே, "ஒராள்" என்று திருத்தினேன். அந்தப் பக்கம் கடைக்காரர் சொல்வது கேட்டது.

"ஒராளுக்குன்டா அன்டனா இல்லாததே தாராளம். ஏன் சும்மா காசக் கொட்டுற?"

நல்ல மனுஷன், தலையில் கட்டப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கறுப்பா வெள்ளையா என்று கேட்டேன்.

அறைக்குள் எங்கே வைத்தாலும் அது ஒரு கோடுதான் காட்டியது. ஜன்னலில் வைத்தால் முழுதாகக் காட்டியது. ரோட்டில் ஆம்பளைகள் போகிறார்கள், திரையை விலக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் இருக்கும் என் மதினி சண்டைக்கு வந்தாள். கடைசியில் தம்பி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அதைச் செருகி வைத்தான். திரை ஆட்களைத்தான் மறைக்கும், சிக்னலை மறைக்காது என்று அவளுக்கு விளங்கப்படுத்த அரை மணி நேரம் போனது.

அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் வீடியோவில் எடுத்தாள். படம் பளிச்சென்று வந்தது. என்னைக் கண்டதும் அழுதாள். நான் சிரிக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் போனின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதற்குள் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பொம்பளை. மதினி முதல் நாளே அறையின் முகக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தாள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அது அவளுடைய பிடிவாதம். இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் முகம். மகளை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உம்மா? கேக்குதா? படம் நிண்டு போச்சு."

நிற்கவில்லை. அந்தப் பொம்பளை கண்ணை மூடித் திறந்ததை நான் பார்த்தேன்.

"ஓ மகள்" என்றேன். "லைன் சரியில்ல."

தம்பி திரையை விலக்கிப் பார்த்தான். ரவுட்டரில் எல்லா லைட்டும் எரிந்தன.

"மாமா, கொஞ்சம் வெல கூடினத எடுத்திருக்கலாமே!" என்று மகள் ஏசினாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"ஓ மகள், நான்தான் பாத்து எடுக்கல்ல" என்றான்.

ஒப்பந்தம் முடியும்வரை, எட்டு மாதமும் அவள் அந்த ரவுட்டரைத்தான் ஏசிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.