சலவைக்கல் பார்க்கப் போன நாள்

அப்பாவுக்குக் கல் பைத்தியம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தார். லீவு விட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடை, கரடு என்று ஆள் போகாத இடமாகப் பார்த்துப் போவார். திரும்பி வரும்போது சட்டைப் பை கிழிகிற அளவுக்குக் கல் இருக்கும். அம்மா அதையெல்லாம் புறக்கடையில் கொட்டிவிடுவாள்.

அதனால்தான், ஆலங்குளத்துக்கு அப்பால் ஒரு கரட்டில் சலவைக்கல் இருக்கிறது, எல்லோருமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொன்னபோது எங்களுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அம்மாவையும் கூப்பிட்டதுதான் புதிது. வேகாத வெயிலில் கல்லைப் பார்க்கப் போவார்களா என்று அவள் மறுத்தாள். ராஜாக்கள் மாளிகை கட்டுகிற கல்லாக்கும், பிள்ளை பார்க்க வேண்டாமா என்று அப்பா விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார். எனக்கு எட்டு வயது. பளபளவென்று ஒரு மலையே நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவகாசியில் பஸ் மாறி, அதற்கப்புறம் வெகுதூரம் நடந்தோம். சிமெண்ட் ஆலையெல்லாம் வராத காலம் அது. பருத்திக் காட்டைத் தாண்டியதும் கரிசல் மண் போகப் போக வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் கண்ணில் பட்டது மலையல்ல, ஒரு மொட்டைக் கரடு. அதன் அடியில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் பெரிய குழி எடுத்திருந்தார். சுண்ணாம்புக் காளவாசலுக்கு அங்கிருந்து லோடு போகும். ஆண்கள் பாறையைப் பிளந்து போட, பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்துக் கூடையில் அள்ளினார்கள். அவர்கள் தலைமுடி, புருவம், கைகால் எல்லாம் ஒரே வெள்ளை.

சலவைக்கல் எங்கே என்று கேட்டேன். அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா குழியின் மறுகரைக்குப் போய்விட்டார். அம்மா குடையோடு ஓரமாக நின்றாள்.

எனக்குத் தாகம். உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். ஓடிப் போனேன். மண்கலயத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வெளியிடத்தில் யார் வீட்டுத் தண்ணீரையும் வாயில் வைக்க விடாத அம்மா, அன்றைக்குப் பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. அந்தப் பெண் என் பெயரைக் கேட்டாள், படிப்பைக் கேட்டாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையிலிருந்த தூசி என் முகத்தில் ஒட்டியது. பிறகு, அம்மா நின்ற பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"உங்க அம்மாவுக்குக் கூடப் பெறந்தவுக யாரும் இருக்காகளா, தாயி?"

இது எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை அம்மாவைப் பெற்ற தாத்தா காரியாபட்டிப் பக்கத்தில் இருந்த தன் வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குழியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"யாரும் கெடையாது. எங்கம்மா ஒத்தப் பொண்ணு."

அவள் கை சுத்தியலைத் தேடி எடுத்தது. "ஒத்தப் பொண்ணா. அப்பச் செல்லமாத்தான் வளத்திருப்பாக" என்றாள். அதற்குப் பின்தான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "வெயிலு ஏறுது. பிள்ளையக் கூட்டிட்டுப் போங்கம்மா."

மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் பருத்திக் காட்டுக்குள் நடந்தாள். அப்பா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்து சேர்ந்தார். முந்தானையை எடுத்து என் கன்னத்தைத் துடைக்கப் போன அம்மா, பாதியில் கையை இறக்கிவிட்டு நின்றாள். நான்தான் முகத்தை அழுக்காக்கிக்கொண்டதால் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துப் பாவாடையைத் தூக்கி நானே அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

தண்ணீர் கொடுத்தவள் என் பெரியம்மா. இதை அப்பா எனக்குச் சொன்னது, நான் கல்யாணமாகி, பிள்ளை பெற வீட்டுக்கு வந்திருந்த சமயத்தில். தாத்தாவின் தோட்டத்தில் கிணறு வெட்ட வந்த கூட்டத்தில், பாறைக்கு வெடி வைக்கிற ஒருவரோடு பெரியம்மா போய்விட்டாள். அவர் வேறு சாதி. தாத்தா அவளைத் தலைமுழுகினார். தனக்கு ஒரே மகள்தான் என்று ஊரறியச் சொன்னார். அம்மாவை அப்படிச் சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். கல் தேடி அலைந்த அப்பாதான் தற்செயலாக அந்தக் குழியில் அவளைக் கண்டிருக்கிறார். முகஜாடையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, யாரென்று தெரிந்துகொண்டிருக்கிறார். தங்கச்சியை ஒருதடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று அவள் கேட்டாளாம். உள்ளதைச் சொன்னால் அம்மா வரமாட்டாள், நேரில் பார்த்துவிட்டால் மனசு கேட்காது என்று அப்பா கணக்குப் போட்டார். சலவைக்கல் அவர் கட்டிய கதை.

சில மாதம் கழித்து அம்மா தானாகவே, அங்கே இன்னொருதரம் போவோமா என்று கேட்டிருக்கிறாள். இருவரும் போனார்கள். குழியில் தண்ணீர் நின்றது. வேலையாட்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்து ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் அம்மா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை என்றார் அப்பா. நான் எழுந்து புறக்கடைக்குப் போய்விட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே அடுப்படியில் இருந்த அம்மாவின் முகத்தையும்தான்.

ஆனால் சலவைக்கல் பார்க்கப் போன அன்றைக்கு, திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே ஒரு குறைதான். அத்தனை பேர் முன்னால் திக்காமல் திணறாமல் பதில் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் பாராட்டவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது. சீட் காலியாக இருந்தும் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வேட்டியை இழுத்து, நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன்.

"சரியாத்தான் சொன்னே" என்றார் அப்பா.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, சிவகாசி வரும்வரை காலை ஆட்டிக்கொண்டே வந்தேன்.