பனிக்குக் கொண்டுபோன கைப்பை

இந்த நாட்டில் 'அவசியமில்லாமல் வெளியே போகவேண்டாம்' என்று அரசாங்கம் சொன்னால், சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிறது. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. கைபேசியில் பனிப்பொழிவுக்கான மஞ்சள் எச்சரிக்கை வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், எதிர்வீட்டு வெள்ளைக்காரர் நீண்ட பூட்ஸும் கம்பளித் தொப்பியுமாகக் குடும்பத்தோடு காரில் ஏறிவிட்டார். நானோ வெளியே போகாதே என்றால் போகாமலிருந்து பழகியவன். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஊரடங்கு என்று பெயர். மீறினால் என்ன நடக்கும் என்பதை அங்கே யாரும் யாருக்கும் விளங்கப்படுத்தியதில்லை.

எங்களையும் புறப்படுத்தியவள் மகள் தாரணி. பல்கலைக்கழகத்திலிருந்து வார இறுதிக்கு வந்திருந்தாள். லண்டனில் நாங்கள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்தில் விழுகிற பனி மத்தியானத்துக்குள் பஸ் சக்கரங்களில் அரைபட்டுச் சேறாகிவிடும், குறொய்டனைத் தாண்டி மலைப்பக்கம் போனால் நாள் முழுக்க வெள்ளையாகவே கிடக்கும் என்றாள். பிறகு, சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் பனிக்குப் போயும் அம்மா ஒருநாளும் தன்னோடு சறுக்கியதில்லை, இந்தமுறை சறுக்கத்தான் வேண்டும் என்றாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது கொஞ்சம் சுட்டது. என் மனைவி வசந்தி "பாப்பம்" என்றாள். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

புட்டும் சம்பலும் கட்டி, பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, கடைசியாக வசந்தி தன் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்குள் எங்கள் மூவரின் கடவுச்சீட்டுகளும் இருக்கும். லண்டன் எல்லையைத் தாண்டுகிற எந்தப் பயணத்துக்கும் அவள் அவற்றைக் கொண்டுபோவாள். "ஆட்டுப் பட்டி பாக்கப் போறதுக்கு விசா தேவையில்லையப்பா" என்று வழக்கம்போல் சொன்னேன். வழக்கம்போல் அவள் பையின் சிப்பை இழுத்துப் பூட்டினாள்.

பதினான்கு வயதில், யாழ்ப்பாணத்துச் சண்டையில், ஊரோடு இடம்பெயர்ந்தவள் அவள். மழையில், சனத்துக்குள் நெரிபட்டு நடந்தபோது, தாயார் ஒரு பையை அவளுடைய கையில் கொடுத்து, என்ன வந்தாலும் கீழே வைக்காதே என்றாராம். பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிப் பத்திரமும் அதற்குள் இருந்தன. பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. பை இருந்தது. நான் அதற்கு முன்பே கொழும்பு வழியாக வெளியேறிவிட்டேன். இந்த மாதிரிப் பழக்கமெல்லாம் என்னிடம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு புல்வெளியின் வேலிப் படலையருகே காரை நிறுத்தினோம். வேலிக்கம்பிகளில்கூட விரல் தடிப்பில் பனி. மூச்சு விடும் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. அப்போது செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு வயதான மனிதர், நாயோடு, ஒரு கையை உயர்த்திக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து நீட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், வசந்தி பையின் சிப்பைத் திறந்து, உள்ளே இருப்பது தெரியும்படி பிடித்துக்கொண்டு என் பின்னால் நிற்கிறாள். சோதனைச்சாவடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நிற்பதைப்போல நின்றோம். அவரோ நான் பணம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு, இங்கே கார் நிறுத்தக் கட்டணமில்லை என்று பதறினார். படலையைச் சாத்திவிட்டுப் போங்கள், உள்ளே ஆடுகள் நிற்கின்றன, மரங்களுக்குப் பின்னால் நல்ல சரிவு இருக்கிறது. இவ்வளவுதான் அவர் சொல்ல வந்தது. தன் காரிலிருந்து பேரப்பிள்ளைகளின் சறுக்குப் பலகையையும் எடுத்துத் தந்தார்.

"அப்பா, அவர் ஐடி கேக்கவே இல்லையே. ஏன் காட்டினீங்கள்?" என்று தாரணி கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த மனிதரும் வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்தார். தாரணி இரண்டு மூன்று தரம் சறுக்கிவிட்டு மேலே ஏறிவந்து தாயின் முன்னால் நின்றாள்.

"அம்மா, ஒருக்கா வாங்கோ."

"நான் பையை வைச்சிருக்கிறன். நீ போ."

"அதை அப்பாட்டைக் குடுங்கோ."

வசந்தி என்னைப் பார்த்தாள். "கீழை வைக்கமாட்டீங்கள்தானே?"

மாட்டேன் என்று தலையாட்டினேன். பையின் வாரை அவளே என் தோளில் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு மகளின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பலகை கீழே போகப்போக ஒரு சத்தம் எழும்பியது. அது அவளுடைய குரல் என்று பிடிபட எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அடிவாரத்தில் இருவரும் குடைசாய்ந்து விழுந்து, எழும்ப ஏலாமல் கிடந்து சிரித்தார்கள். எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

"பையை உங்கை கீழை வைச்சிட்டு நீங்களும் வாங்கோ!" என்று கீழேயிருந்து கத்தியவள் வசந்தி.

பக்கத்திலேயே பனி படாத ஒரு மரக்குற்றி இருந்தது. அந்த மனிதரும் பையைத் தான் வைத்திருப்பதாகக் கை நீட்டினார். நல்ல முகம். அவருடைய நாய்கூட நல்ல நாய். வேண்டாம், நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் சரிவுக்குப் பயப்படுகிறேன் என்று எண்ணியிருக்கவேண்டும், இது அப்படியொன்றும் செங்குத்தில்லை என்று ஆறுதல் சொன்னார்.

கீழே இரண்டு பேரும் கையசைத்துக் கூப்பிட்டபடியே நின்றார்கள். நானும் ஒரு கையை அசைத்தேன். மறுபடியும் பனி கொட்டத் தொடங்கியது. கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, பையை நெஞ்சோடு உள்ளே வைத்து, திரும்பப் பூட்டிக்கொண்டேன்.