ஆற்றோடு போகப் பார்த்த சிலுவை

நான் கிறிஸ்தவப் பெண். கணவர் குத்தாலம் பக்கத்து இந்து விவசாயக் குடும்பம். "புருஷன் பேச்சுக்குக் கீழ்ப்படிஞ்சு நட" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பிவைத்தார். வாயே திறக்கக் கூடாது போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். சர்ச்சுக்குப் போகட்டுமா என்றுகூடக் கேட்டதில்லை. அம்மா தந்த சின்னச் சிலுவையை மஞ்சள் நூலால் சுற்றி, தாலிக்கயிற்றில் ஒரு முடிச்சு மாதிரி மறைத்துக் கட்டியிருந்தேன்.

ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர்ப் பெண்கள் காவிரிக்கரையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, பழைய கயிற்றை ஆற்றில் விடுவார்கள். மாமியார் தாலியைப் புதுக்கயிற்றில் கோத்து எனக்குக் கட்டினார். பழையதைச் சுருட்டித் தண்ணீரில் விடக் குனிந்தார். சிலுவை அதில்தான் இருந்தது. சொன்னால் வீட்டில் என்ன ஆகுமோ என்று பயந்தேன்.

"இரும்மா. அதுல அவ சிலுவை இருக்கு."

படியில் நின்ற கணவர்தான் சொன்னார்.

மாமியார் நூலைப் பிரித்து, சிலுவையை என் கையில் வைத்தார். "இதைச் சொன்னா உன்னைக் கடிச்சா தின்னுடுவோம்?" என்றார்.

வரும் வழியில் கணவரிடம், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீ அதைக் கயித்துல கட்டுன அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

இப்போதெல்லாம் மனதில் இருப்பதை அவரிடம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியில் சர்ச்சில் கொண்டுபோய் விடுகிறார். அன்று நடவு இருந்தால், சர்ச்சுக்குப் போகாமல் நானே வயலுக்குப் போய்விடுவேன்.

சிலுவை இப்போதும் என் தாலிக்கயிற்றில்தான் இருக்கிறது, மறைக்காமல். ஆடிப்பெருக்கு வந்தால், பழைய கயிற்றை ஆற்றில் விடும் முன் மாமியார் கேட்கிறார்: "உன் சாமியை எடுத்துக்கிட்டியா?"