பெப்பர்மிண்ட் மன்னிப்பு

பதுளையில் நான் படிப்பிக்கும் மிஷன் பாடசாலையில் நேற்று ஆசிரியர் கூட்டம். அதிபர் பெப்பர்மிண்ட் டப்பாவைச் சுற்றவிட்டு, புதிய சிறுவர் பாதுகாப்புக் கொள்கையை வாசித்தார்: "ஆசிரியர்மேல் முறைப்பாடு வந்தால், அதிபர் ஆசிரியரையும் பிள்ளையையும் அழைத்துச் சமாதானப்படுத்துவார்." வாயிலிருந்த பெப்பர்மிண்டைக் கன்னத்தில் ஒதுக்கினேன்.

இதே அறை, இதே வாசம். சிறுவயதில் நானும் என் தோழி லீலாவும் இங்கே விடுதியில் தங்கிப் படித்தோம். ஒருநாள் கணக்கு சேர் பிரம்பால் அடித்து அவள் முதுகுத் தோல் வெடித்திருந்தது. அன்றைய அதிபர் ஒரு ஃபாதர். அவள் கையில் பெப்பர்மிண்டைத் திணித்து, அதே சேர் முன்னால் நிறுத்தினார்.

"ஆண்டவர் மன்னிக்கச் சொன்னாரில்ல? மன்னிச்சிட்டேன் சேர்னு சொல்லும்மா."

சொன்னாள். காலையில் கொழுந்து பறிக்க ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்திருந்த அவள் அம்மா கேட்டார்: "அடிச்சவரு மன்னிப்பே கேக்கலையேங்க ஃபாதர்?"

"ஜெபம் பண்ணுவோம்." ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா மூடிக்கிங்க. நாங்க போறோம்."

லீலாவின் படிப்பு அதோடு போனது. கணக்கு சேர் ஓய்வுபெறும்வரை இங்கேதான் படிப்பித்தார். சீ!

பெப்பர்மிண்டைத் துப்பிவிட்டுக் கை தூக்கினேன். "அடிபட்ட பிள்ளைய அடிச்சவர் முன்னால ஏன் நிறுத்தணும் சேர்?"

"திங்கட்கிழமை பேசுவோம் டீச்சர்," என்றார் அதிபர்.

பேசத்தான் போகிறேன். அந்த வரியை வெட்டச் சொல்வேன். முறைப்பாடு வந்த அன்றே பிரதேச செயலகத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்கு அதிபர் அறிவிக்க வேண்டும் என்று எழுதச் சொல்வேன். நடுவில் யாராவது ஜெபம் பண்ணுவோம் என்றால், பண்ணட்டும். நான் கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன்.